மூக்கன் சொல்ல வந்தது

அன்று மாலை வீட்டு நாய் மூக்கன் வந்து அவள் முழங்காலைத் தொட்டபோது அவன் மூக்கு காய்ந்திருந்தது.

நல்ல நாளில் அவன் மூக்கு ஈரத்துணியை ஒற்றியதுபோலச் சில்லென்று முழங்காலில் படும். அன்றைக்குப் பட்டது வறண்ட ஒரு தொடல். ஒரு முறை தொட்டு விலகினான். அவள் ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடிக்கும் நேரம் வரை காத்திருந்தான். பிறகு இரண்டாவது முறை தொட்டான். அப்புறம் திரும்பி, தன் முதுகை அவள் கெண்டைக்காலில் ஒட்ட வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பழைய ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றால் உடம்பில் ஏறுமே, அப்படி ஒரு நடுக்கம் அவன் முதுகிலிருந்து அவள் காலுக்கு வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் காதில் ஹெட்ஃபோன் இருந்தது, அதில் ஒரு எலும்பு டாக்டர் யாரோ ஒருவருடைய இடுப்பு மூட்டைப் பற்றி மென்று விழுங்கிப் பேசிக்கொண்டிருந்தார், அன்றைய அறிக்கைகளில் இன்னும் பதினொன்று பாக்கி இருந்தன. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே இடது கையை இறக்கி அவன் தலையில் வைத்தாள்.

"பார்த்துட்டேன். இருக்கட்டும்," என்றாள்.

டப்பாவைத் திறந்து பிஸ்கட் ஒன்றை நீட்டினாள். மூக்கன் வாயில் வாங்கிக்கொண்டான். கடிக்கும் சத்தம் கேட்கவில்லை. வேலை முடிந்து எழுந்தபோது அந்த பிஸ்கட் முழுசாக மேஜைக்கடியில் கிடந்தது. பெருக்கித் தள்ளிவிட்டாள்.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து வைப்பதை வீட்டிலிருந்தே கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் தொழில். காதில் ஹெட்ஃபோன், காலடியில் பேச்சை நிறுத்தவும் பின்னுக்குத் தள்ளவும் ஒரு பெடல். முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளித் தொட்டில். தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை, வீட்டில் எல்லோருக்கும் குட்டி. எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் பின்பக்கத் தோட்டம், அதன் கோடியில் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப்பக்கம் யாருக்கும் வேண்டாத புதர்க்காடு.

அந்தப் புதரிலிருந்து வராத ஜீவன் இல்லை. அணில், பூனை, கீரி, எப்போதாவது ஒரு பாம்பு. ஒவ்வொன்றுக்கும் மூக்கன் வீடே அதிரக் குரைப்பான். குட்டி அலறிக்கொண்டு எழும். தூங்கவைக்க ஒரு மணி நேரம். நாளைக்கு நான்கு தரம் இது நடந்தால் எந்த மனிதருக்குத்தான் பொறுமை இருக்கும்? அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிகளில் கயிறும் கிரீஸுமாக மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர். ஒருநாள் சட்டையைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். சரிப்படலன்னா இவன என் தம்பி வீட்ல கொண்டுபோய் விட்டுருவேன். எனக்கும் மூக்கன் புள்ள மாதிரிதான். ஆனா இவ நெஜமான புள்ள."

கல்யாணமான முதல் வருஷம் மழையில் நனைந்து வந்த மூக்கனை மடியில் போட்டு வளர்த்தவள் அவள். குட்டிக்கு முன்னால் அந்த வீட்டுக்குக் குட்டி அவன்தான். மறுநாளே நாய்ப் பயிற்சிக்காரரைத் தேடிப் பிடித்தாள். அவர் பாக்கெட் முழுக்க பிஸ்கட்டோடு வந்து சேர்ந்தார். கணவர் அவருக்கு பிஸ்கட் மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்.

மாஸ்டர் மூக்கனைத் திட்டவே இல்லை. குரைக்கிறவன் கெட்டவனல்ல, சேதி சொல்கிறான், சேதி போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவான் என்றார். இனி எதைக் கண்டாலும் குரைக்காமல் வந்து முழங்காலைத் தொட வேண்டும். அவள் எழுந்து போய், அவன் காட்டுவதைப் பார்த்து, தலையில் கைவைத்து "பார்த்துட்டேன், இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். பிறகு பிஸ்கட். ஒரே ஜீவனுக்கு மூன்று தரம் அப்படிச் சொல்லியாகிவிட்டால், அதை வீட்டோடு சேர்த்தி என்று எடுத்துக்கொள்வான். அதற்கப்புறம் அதைப் பற்றிச் சொல்ல வரமாட்டான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்கம்மா. பாக்காம சொல்லாதீங்க. உங்க வார்த்தைய அவன் அப்படியே நம்புவான். நாய்க்கு நம்மள சந்தேகப்படத் தெரியாது."

இரண்டு வாரத்தில் வீடு அமைதியானது. அவள் ஒரு நோட்டுப் போட்டு, கோடு கிழித்து எழுதத் தொடங்கினாள்: நேரம், எப்படித் தொட்டான், வால், காது, பிடரி மயிர், கடைசிக் கட்டத்தில் வந்தது என்ன. அணில் என்றால் சின்னச் சின்னதாக இரண்டு தட்டு, முன்னங்கால் தரையில் தாளம். பூனை என்றால் ஒரே இடி, உடனே கதவுப்பக்கம் ஓட்டம். கீரிக்கு முனகல், பிடரி மயிர் பாதி எழும்பும். பாம்புக்கு மூக்கே வைக்கமாட்டான். முன்னங்காலை அவள் பாதத்தின் மேல் வைத்து அழுத்தியபடி நிற்பான், எழுந்திருக்காதே என்று அர்த்தம். குட்டி விழித்துக்கொண்டால் முழங்காலை விட்டுவிட்டு முழங்கையைத் தொடுவான். அது அவனாகவே கண்டுபிடித்தது. கணவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, நாய் பாஷைக்கு அகராதி போட்டவள் நீ ஒருத்திதான் என்று கேலி செய்தார். மூன்று இருக்கட்டும் ஆனதும் அணில் நோட்டிலிருந்து போயிற்று, பூனையும் போயிற்று. பூனை பின்வாசல் படியில் படுத்துத் தூங்கும், மூக்கன் அதைத் தாண்டிப் போய் ஒன்றுக்கு அடித்துவிட்டு வருவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த தொடல் அகராதியில் இல்லாதது. அன்று ராத்திரி எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

புதன்கிழமையும் அதே நேரம், ஆறேகால். வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கும் வேளை. வறண்ட மூக்கு, இடைவெளி, மறுபடி மூக்கு, காலில் நடுங்கும் முதுகு. கூட வேலை பார்க்கும் பெண் லீவில் போயிருந்தாள், அவளுடைய பாக்கியும் இவள் தலையில் விழுந்திருந்தது. "பார்த்துட்டேன், இருக்கட்டும்" என்றாள். பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மூக்கன் தொட்டபோது மனசு உறுத்தியது. அன்றைக்கு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். தலையில் ஹெட்ஃபோன், கொண்டையில் செருகிய பென்சில், அறை விளக்கின் மஞ்சள் பட்ட முகம். கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. என் மூஞ்சியைப் பார்த்தா இவ்வளவு பயம் என்று சிரித்துக்கொண்டே அவன் தலையைத் தடவினாள். மூன்றாவது முறையும் சொல்லியாகிவிட்டது.

அதற்கப்புறம் மூக்கன் எதற்குமே வரவில்லை.

கணவருக்கு ஏக சந்தோஷம். பிஸ்கட் மாஸ்டருக்குக் கோயில் கட்டலாம் என்றார். அவளும் இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தாள். மூன்றாம் நாள் துணி காயப்போடப் போனபோதுதான் தோட்டம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது காதில் உறைத்தது. அணில்களின் கீச்சு இல்லை. பின்வாசல் படியில் பூனை இல்லை. அதற்கு வைத்த பால் கிண்ணத்தில் பாலின் மேல் தடித்த ஆடையும், ஆடையின் மேல் தூசியும் படிந்திருந்தன. மூக்கன் சொல்ல வராததற்குக் காரணம் பயிற்சி இல்லை. சொல்வதற்கு அங்கே ஒரு உயிரும் மிச்சமில்லை.

பிறகு மற்றவையெல்லாம் கண்ணில் படத் தொடங்கின. நடைவழியில் நேராக வரும் மூக்கன், ஒரு இடத்தில் சுவரோரமாக ஒதுங்கி, எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதுபோல நின்றுவிட்டு நடந்தான். தொட்டிலுக்கடியில் தன் பாயில் நடுவில் படுக்கிறவன், இப்போது ஒரு ஓரமாகச் சுருண்டு படுத்தான். அவள் சமையலறையில் இருக்கும்போது, தட்டச்சு அறையிலிருந்து அவன் வால் தரையில் அடிபடும் சத்தம் வந்தது. தப், தப், தப். அந்த வாலாட்டல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுக்காக மட்டும் ஆட்டுவது.

கணவரிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் முதல் கேள்வி மூக்கனைப் பற்றித்தான் இருக்கும். தம்பி வீடு, கழுத்துப்பட்டை, வண்டி என்று பேச்சு போகும். முழுங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி, காலியாக விட்ட கட்டங்களை நிரப்பிவிடலாம் என்று நோட்டை எடுத்தாள். செவ்வாய்க்கு நேரே ஒரு கேள்விக்குறி. புதனுக்கு ஒரு கேள்விக்குறி. வியாழனுக்கு மட்டும் பதில் தெரியுமே என்று, "கண்ணாடியில் என் முகம்" என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது.

ஜன்னலிலிருந்து, கண்ணாடி பதிக்கப் பூசிய புட்டியின் வாசனை இன்னும் லேசாக வந்துகொண்டிருந்தது. போன வாரம் புதன்கிழமை ராத்திரி கணவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இடித்து அந்தக் கண்ணாடி உடைந்தது. சனிக்கிழமைதான் புதுசு வாங்கிவந்து பொருத்தினார். நடுவே இரண்டு நாள் அந்தச் சட்டத்தில் கொசு வலை மட்டும்தான் இருந்தது.

வியாழக்கிழமை அங்கே கண்ணாடியே இல்லை.

வெகுநேரம் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முதல் இரண்டு முறை பார்க்காமல் சொன்னாள். மூன்றாம் முறை அதன் முகத்தைப் பார்த்து, சிரித்து, இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

காலையில் கணவர் கிளம்பிப் போனதும் மாஸ்டருக்கு போன் செய்தாள். தெரியாமல் ஒன்றுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று கேட்டாள். அவர் எது என்று கேட்டார். பூனை என்று சொல்லிவைத்தாள். மாஸ்டர் வழி சொன்னார்.

"அது வர்ற அதே நேரத்துக்கு, அது நிக்கிற எடத்துக்கு நீங்களே போங்கம்மா. அவன் பாக்கும்போது நீங்களும் அத நேருக்கு நேர் பாருங்க. அவன் தலையில கைய வச்சு, வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு தரம் போதும். கண்ணால பாத்துச் சொன்னா, அதுக்கப்புறம் அத வாசப்படி ஏற விடமாட்டான்."

கணவர் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். ஆறேகாலுக்கு வேலையை முடித்து, ஏழுக்குள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

ஆறு மணிக்குக் குட்டி பால் குடித்துத் தூங்கியது. தொட்டிலில் கட்டியிருந்த கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதன் ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். தோட்டத்துக்கோ சமையலறைக்கோ போகும்போது குட்டியின் சத்தம் கேட்பதற்காக வாங்கியது. கணவர் அதைக் குட்டி ரேடியோ என்பார். காதில் வைத்தால் குட்டியின் மூச்சு சீராக வந்தது. பின்கதவைத் திறந்தாள். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தாள். வெறுங்காலோடு இறங்கி, "வாடா" என்று மூக்கனைக் கூப்பிட்டாள்.

அவன் வாசல்படி வரைக்கும் வந்தான். உட்கார்ந்தான். அதற்குமேல் ஒரு அடி வைக்கவில்லை. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல அவள் கையை நக்கினான். சரி, இவன் குட்டியோடு இருக்கட்டும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும், தலையில் கைவைத்துச் சொல்வதை அப்புறம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்த மூன்று நாளும் அவன் பார்த்த திசையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள்.

புல் கணுக்காலை உரசியது. பகல் சூடு தரையில் இன்னும் இருந்தது. துணிக்கொடியில் கணவரின் காக்கிச் சட்டை ஒன்று அசையாமல் தொங்கியது. புதரிலிருந்து எப்போதும் வரும் பூச்சிச் சத்தம் இல்லை. தண்ணீர்த் தொட்டியை நெருங்க நெருங்க ஒரு வாசனை வந்தது, பயப்படும்படியான வாசனை ஒன்றுமில்லை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும், குட்டியின் பவுடரும், பிஸ்கட் தூளும் கலந்த வாசனை. அவளுடைய நாற்காலியின் வாசனை அது.

தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே புல் படிந்து கிடந்தது. இரண்டு பாதம் நிற்கும் அளவுக்கு மட்டும் மண் இறுகி வழவழப்பாகியிருந்தது. நாள் கணக்கில் யாரோ ஒரே இடத்தில் நின்ற தடம். அவள் அதன் மேல் ஏறி நின்றாள். பாதம் அச்சாகப் பொருந்தியது.

அங்கிருந்து திரும்பி வீட்டைப் பார்த்தாள். மொத்த வீட்டில் அந்த ஒரு ஜன்னல்தான் தெரிந்தது. விளக்கு, மேஜை, முதுகு சாய்ந்த நாற்காலி, அதன் பின்னால் தொட்டில். ஜன்னலோரம் மூக்கன் முன்னங்கால்களைச் சட்டத்தில் ஊன்றி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை அசைத்தாள். அவன் வால் ஆடவில்லை.

காது பின்னால் மடிந்திருந்தது. வால் வயிற்றுக்கடியில் போயிருந்தது. பிடரி மயிர் கழுத்திலிருந்து இடுப்பு வரை சிலிர்த்து நின்றது. அவன் பார்வைக்கு நேரே, தன் முதுகுப்பக்கம், மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மதில். வேறொன்றும் இல்லை. அவன் பார்த்தது அவளைத்தான்.

மூக்கன் கீழே இறங்கினான். மேஜைப்பக்கம் போனான்.

கையிலிருந்த ரேடியோவில் குட்டியின் மூச்சு. அதன் மேல் ஒரு கிறீச். அவள் நாற்காலிச் சக்கரத்தின் கிறீச். அப்புறம் பெடல் மிதிபடும் சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

மேஜையில் இருந்த திரைக்கு மேலே, குனிந்த தலையின் கொண்டை ஒன்று தெரிந்தது. கொண்டையில் ஒரு பென்சில்.

அவள் கை தானாகத் தன் தலைக்குப் போனது. பென்சில் அங்கேயே இருந்தது.

மூக்கன் மூக்கை வைத்தான். விலகினான். காத்திருந்தான். மறுபடி வைத்தான். நாற்காலியிலிருந்து ஒரு கை இறங்கி அவன் தலையில் அமர்ந்தது. ஜன்னல் பக்கம் அந்தத் தலை நிமிரவே இல்லை. ரேடியோவில் அவளுடைய குரல் வந்தது. களைத்துப்போன, வேலைக்கு நடுவே சொல்லும் அதே குரல்.

"பார்த்துட்டேன். இருக்கட்டும்."

பிஸ்கட் டப்பா மூடி திறக்கும் சத்தம்.

அவள் ஓடினாள். பின்கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் வைத்த செருப்பைக் காணோம். தள்ளினாள். உள்ளே தாழ். இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். மூக்கா என்று கத்தினாள். தொண்டை எரிந்தது. ஆனால் ரேடியோவில் அந்தக் கத்தல் வரவே இல்லை. அவள் கதவை அறைந்தது மட்டும் வந்தது, மரத்தில் நகம் கீறுவதுபோல மெல்லிசாக.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். மூக்கன் அவளை முகத்துக்கு முகம் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டாவது முறை போனான்.

"பார்த்துட்டேன். இருக்கட்டும்."

கண்ணாடியைத் தட்டினாள். வெளிச்சம் முழுதும் போகும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள். தொட்டிலில் குட்டி புரண்டது. மூக்கன் உடனே நாற்காலியிடம் போய் முழங்கையைத் தொட்டான். குட்டி எழுந்துவிட்டது என்று சேதி. நாற்காலி பின்னால் நகர்ந்தது. அது எழுந்தது. அவளுடைய வீட்டுப் புடவையில், அவளுடைய செருப்பில். அவளுக்கு முதுகைக் காட்டியபடி தொட்டிலில் குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டது. ரேடியோவில் குட்டி சிரித்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. கணவர். அவள் வாழ்க்கையில் எந்தச் சத்தத்துக்கும் இவ்வளவு ஏங்கியதில்லை. அவர் பையைக் கீழே வைத்தது கேட்டது, வெளியே ஏதோ கீறுகிற சத்தம் வருதே என்று அவர் கேட்டது கேட்டது. அணிலா இருக்கும் என்று அவள் குரல் பதில் சொன்னது. அவர் அறைக்குள் வந்தார். மூக்கன் அவரிடம் ஓடி முழங்காலைத் தொட்டான். இரண்டு முறை. அவர் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

ஒரு சாண் தூரம். நடுவே கண்ணாடி. அவள் அவர் கண்ணையே பார்த்தாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தார். தோளுக்குப் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

"அட, ஒண்ணுமில்லடா. பின்னாடி அம்மா நிக்கிறா, கண்ணாடியில தெரியுது. பார்த்துட்டேன், இருக்கட்டும்."

திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

இருட்டு. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. அவர் சொன்னது மூன்று. மூன்று இருக்கட்டும் ஆகிவிட்டது. அது எப்படி உள்ளே போனது என்பது அவளுக்குப் புரிந்தது. மூன்று ஆனால் வீட்டோடு சேர்த்தி. இனி அவளைத் தடுக்க ஆளில்லை.

பின்கதவுக்குப் போனாள். விரலால் தொட்டாள். திறந்துகொண்டது.

அழுகையும் சிரிப்புமாக வந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். வாசல்படியில் ஒரு காலை வைத்தாள். சமையலறையின் குழல்விளக்கு வெளிச்சம் பாதத்தில் விழுந்தது.

எதிரே அது வந்து நின்றது. தோளில் குட்டி. காலோரம் மூக்கன்.

முதல் முறையாக அது அவளைப் பார்த்தது. ஒன்றையும் விடாமல், உச்சந்தலையிலிருந்து வெறுங்கால் வரை, பொறுமையாக, நேருக்கு நேர் பார்த்தது. அவள் ஒருநாளும் பார்க்காத அளவுக்குப் பார்த்தது. மூக்கன் தலையில் கையை வைத்தது.

"வேண்டாம்," என்றது.

மூக்கன் குரைத்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வீடே அதிர, பல்லெல்லாம் தெரிய, வாசல்படியை மறித்து நின்று அவளைப் பார்த்துக் குரைத்தான். "என்னம்மா அங்க?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். குட்டி சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. அவளைக் கண்டது.

உதடு பிதுங்கியது. வீறிட்டது. பயத்தில் உடம்பெல்லாம் விறைக்க, முகத்தைத் திருப்பி, அந்தக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு, அதை இறுக்கிக் கட்டிக்கொண்டது.